கொட்டகையில் கடைசி பீரியட்

இல்லம்மா, அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும் அதுக்கு. ஜன்னல் பக்கமா வந்து உக்காரு. நீ கேட்டதுக்குத்தான் வர்றேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மனஸ்தாபம் ஏதாவது உண்டான்னு கேட்டே பாரு, இத்தனை வருஷத்துல அதைக் கேட்ட முதல் ஆள் நீதான். இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் கேமராவைத் தூக்கிட்டு வருவாங்க. மந்திரியம்மாவோட பழைய சிநேகிதி நீங்கதானேம்பாங்க. நான் சிரிப்பேன். படம் எடுத்துப்பாங்க, போயிடுவாங்க.

மனஸ்தாபமெல்லாம் இல்ல. மனஸ்தாபம்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமே. அவ பக்கம் ஒண்ணுமே கிடையாது. என் பக்கம் இருந்ததுக்குப் பேரு வேற. பொறாமை. எழுதிக்கோ, பரவாயில்ல. இருபத்தொம்பது வருஷமா அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரியுது. ஐயோ, மந்திரியம்மாவைப் போய் ‘அவ’ன்னு சொல்லிட்டேன்ல? நீ அவங்கன்னே போட்டுக்கோ. மூணு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல, ஒரே மேஜையில டிபன் டப்பாவைத் திறந்தவ. எனக்கு மரியாதை வாயில வர மாட்டேங்குது.

எப்படி எரிஞ்சுதுன்னு கேளு. அவ முதல் தடவை ஜெயிச்சு சட்டசபைக்குப் போனப்ப, எங்க தெரு முனையில, அந்தத் துணிக்கடை மாடி உயரத்துக்கு அவ மூஞ்சியை வச்சாங்க. நான் காலையில ஸ்கூலுக்குப் போறதும் அதுக்குக் கீழதான், சாயந்திரம் திரும்பி வர்றதும் அதுக்குக் கீழதான். வெயிலே இல்லாத நாள்ல கூட குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். அதைப் பார்க்காம போகணுமே. அதுக்குத்தான். ரெண்டாவது தடவையும் ஜெயிச்சா. மூணாவது தடவை தோத்தா. அன்னிக்கு, சொன்னா சிரிப்பே, எனக்கு ரெண்டு வாய் சாப்பாடு கூடவே இறங்குச்சு. மத்தியானம் நிம்மதியாப் படுத்துத் தூங்கினேன். எழுந்து பார்த்தா வாசல்ல நிக்கறா! தோத்தவ நேரா என் வீட்டுக்கு வந்திருக்கா. உங்களைப் பார்த்தாத்தான் மனசு ஆறும்க்கான்னு என் தோள்ல சாஞ்சு அழறா. நான் முதுகைத் தட்டிக் கொடுக்கறேன். என்னத்தைச் சொல்ல. மறுபடி ஜெயிச்சா, மந்திரியாவே ஆயிட்டா. அதுவும் எந்த இலாகா? பள்ளிக்கூட இலாகா. நான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி, அப்பாடா நமக்கும் ஒரு ரூம் கிடைச்சுதுன்னு உக்கார்றேன், முதல் தபால்ல வந்த சர்க்குலர்ல மேல அவ பேரு.

சிரி சிரி. நானே சிரிக்கிறேனே.

இப்ப நீங்க அவ வாழ்க்கையைப் புஸ்தகமா போடறீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை விழா. என்னை மேடையில அவ பக்கத்துல உக்கார வைக்கப் போறாளாம், காரு அனுப்பறாளாம். நேத்து அவளே போன் பண்ணினா. நீ கொண்டு வந்த இந்தப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்குப் போகும், அதானே? படிச்சேன். நீ வெளியில சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவை படிச்சுட்டேன். விட்டுக்கொடுத்தவர்னு தலைப்பு வச்சிருக்கா. கட்சிக்காரங்க முதல்ல என்னைத் தேடித்தான் வந்தாங்களாம், நான்தான் எனக்கு வேண்டாம், என்னை விடத் தகுதியான ஆள் ஒருத்தி இருக்கான்னு அவகிட்ட அனுப்பி வச்சேனாம். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்னு எழுதியிருக்கா. எழுத்து அவளோடதுதான், எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் கேள்வியிலதான் முடிப்பா.

அவசரப்படாதே, போடலாம். முதல்ல நடந்ததைக் கேளு. அப்புறம் போடறதா வேண்டாமான்னு பார்க்கலாம்.

நான் கணக்கு டீச்சர். அதோட ஸ்கூலுக்கு டைம்டேபிள் போடறதும் நான்தான். பசங்க எனக்கு வச்ச பட்டப்பேரே டைம்டேபிள்தான். டைம்டேபிள் வருதுடான்னா வராந்தாவே காலியாயிடும். நீ இதைச் சின்ன வேலைன்னு நினைக்காதே. முப்பத்திரெண்டு டீச்சர், இருபத்தெட்டு வகுப்பு, வாரத்துக்கு நாப்பது பீரியட். லீவு நாள்ல அட்டையைச் சின்னச் சின்னதா வெட்டி, ஆளுக்கு ஒரு கலர் அடிச்சு, இந்தக் கூடம் முழுக்கப் பரப்பி வச்சு நாலு நாள் குந்திக்கிட்டே போடுவேன். ஒரு தடவை எங்க வீட்டுக்காரர் வெளியிலேருந்து வந்தவர் வேர்க்குதுன்னு ஃபேனைப் போட்டுட்டாரு. அம்மாடி! மொத்த ஸ்கூலும் பறந்து போய் சோஃபாவுக்கு அடியில விழுந்துச்சு. அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல அவரு ஒரு வாரம் ஃபேன் பக்கமே போகலை.

ஜூன் மாசம் வந்தா எல்லாரும் என்னைக் காக்கா பிடிப்பாங்க. அக்கா, எனக்குக் கடைசி பீரியட் வேண்டாம், பஸ்ஸு போயிடும். அக்கா, சாப்பிட்டவுடனே பெரிய வகுப்பு போட்டுடாதீங்க, எனக்குக் கண்ணைச் சுத்தும். ஹெட்மிஸ்ட்ரஸே அவங்க தங்கச்சிக்காக என்கிட்ட வந்து குழைவாங்க. ஒருத்தர் நாள் நல்லாப் போகணுமா, நாசமாப் போகணுமா, ரெண்டும் என் கையில. அந்த மண்டைக்கனம் எனக்கு இருந்துச்சு. ஏன் இல்லேங்கணும்?

அப்பத்தான் இவ வந்து சேர்ந்தா. வரலாறு டீச்சர். ஒல்லியா இருப்பா, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பா. ஜூன் மாசம் முழுக்கப் பார்த்தேன், என்கிட்ட வந்து ஒண்ணும் கேக்கலை. நீங்க எது போட்டாலும் சரிக்கான்னுட்டா. அது பணிவுன்னு மத்தவங்க சொன்னாங்க. எனக்கு மூக்குல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நீ குடுக்கறது எதுவும் எனக்குப் பெருசில்லேன்னு சொல்றதுதானே அது?

அதையும் பொறுத்துக்கிட்டேன். என் பொண்ணு விஷயந்தான் பொறுக்க முடியலை. அப்ப அவளுக்குப் பதினொரு வயசு, எங்க ஸ்கூல்லயேதான். வீட்டுக்கு வந்தா வரலாறு டீச்சர் அப்படிச் சொன்னாங்க, வரலாறு டீச்சர் இப்படிச் சிரிச்சாங்க. வாட்சை வலது கையில கட்ட ஆரம்பிச்சுட்டா, ஏன்னா அந்த டீச்சர் வலது கையில கட்டுவாங்களாம். ஒரு நாள் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன், புரியலை அவளுக்கு. அம்மா, நீ ஏன்ம்மா வரலாறு டீச்சர் மாதிரி சொல்ல மாட்டேங்கறேன்னா. பெத்தவ கிட்ட! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

அடுத்த வருஷம் மூணு போஸ்ட் காலி. ஆள் போடலை. மூணு பிரிவுப் பசங்க கடைசி பீரியட்ல சும்மா உக்காந்திருக்குதுங்க. மூணையும் ஒண்ணாச் சேர்த்து, ரோட்டோரத் தகரக் கொட்டகையில போட்டுட்டேன். நூத்தி எழுபது பசங்க. மைக் கிடையாது. பக்கத்துல மதில், மதிலுக்கு அந்தாண்ட லாரி போற ரோடு. வெயில் ஏற ஏறத் தகரம் படபடன்னு வெடிக்கும். அங்க யாரை அனுப்பறதுன்னு யோசிக்கவே இல்ல நான். வாரம் அஞ்சு நாளும் அவதான்.

ஆனா காகிதத்துல அவ பேரைப் போடலை. இதைக் கவனமாக் கேட்டுக்கோ, எல்லா வினையும் இங்கதான் இருக்கு. டைம்டேபிள் போடறவளுக்குப் பாடம் கொஞ்சம் குறைச்சுப்பாங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா உனக்கு மட்டும் ஏன் குறைவுன்னு கேப்பாங்க. அதனால சுவத்துல ஒட்டற பெரிய அட்டவணையில கொட்டகை, கடைசி பீரியட், அஞ்சு நாளும் என் பேரு. தினமும் மத்தியானம் ஒரு சப்ஸ்டிட்யூஷன் சீட்டு எழுதி அவகிட்ட அனுப்பிடுவேன், எனக்குப் பதிலா இன்னிக்கு நீ போன்னு. சாயந்திரம் அந்தச் சீட்டு குப்பைத் தொட்டிக்குப் போயிடும். உழைப்பு அவளுது, கணக்கு என்னுது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாரு.

முதல் வாரம் கொட்டகையிலேருந்து வந்த சத்தம் இருக்கே, சந்தை தோத்துது. நான் ஸ்டாஃப் ரூம்ல டீயை உறிஞ்சிக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டிருப்பேன். அந்த டீக்கு அப்படி ஒரு ருசி. சாயந்திரம் தொண்டை கட்டிப் போய் வருவா, வென்னீர் குடிப்பா, நோட்டுத் திருத்த உக்காந்துடுவா. ரெண்டாவது வாரம் சத்தம் பாதியாச்சு. மூணாவது வாரம் ஒரு நாள் சுத்தமா சத்தமே இல்ல. பசங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு விட்டுட்டா போலிருக்கு, இன்னிக்கு மாட்டினா மவளேன்னு வேகமாப் போனேன். போய்ப் பார்க்கறேன், நூத்தி எழுபதும் உக்காந்திருக்கு. அவ பெஞ்சு மேல ஏறி நின்னு பேசிக்கிட்டிருக்கா. கத்தலை. மெதுவாத்தான் பேசறா. கடைசி வரிசைப் பசங்க முன் வரிசையை உஷ் உஷ்ஷுங்கறாங்க.

என்ன பேசினாளா? பாடந்தான். ஏதோ ஒரு ராஜா உப்புக்கு வரி போட்ட கதை. புஸ்தகத்துல நாலு வரி இருக்கும். அவ அதை ராஜா பக்கமே போகாம, உப்பு வாங்கப் போன ஒரு பொம்பளைகிட்டேருந்து ஆரம்பிப்பா. அவ கடைக்காரன்கிட்ட என்ன கேட்டா, அவன் என்ன சொன்னான், வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட எப்படி எரிஞ்சு விழுந்தான்னு, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி சொல்வா. சரியா ராஜா ஆளுங்க கதவைத் தட்டற இடத்துல மணி அடிக்கும். மதிலுக்கு அந்தாண்ட ஒரே ஐயய்யோ! யாருன்னு கேட் வழியா எட்டிப் பார்த்தா, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வந்த அப்பன் ஆத்தா, காய்கறி வண்டிக்காரர், சைக்கிள் கடைக்காரர், கையில கழட்டின சக்கரத்தோட. உள்ள யார் பேசறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. மதில் ஆளுயரத்துக்கு மேல. குரல் மட்டுந்தான் கேக்கும்.

அப்பவே நான் வேற யாரையாவது போட்டிருக்கணும். போடலை. மாத்தினா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடுமேன்னு ஒரு வீம்பு. ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. யோசிச்சுப் பாரு, எந்தக் கட்சி தன் ஆளுக்கு இப்படி ஒரு பயிற்சி குடுக்கும்? தினமும் நூத்தி எழுபது பேரு, மைக் இல்லாம, லாரிச் சத்தத்துல, களைச்சுப் போன நேரத்துல. வயித்தெரிச்சல்ல நான் குடுத்தது அது.

அப்பத்தான் எலெக்‌ஷன் வந்துச்சு. எங்க தொகுதிக்கு நிக்கறதா இருந்தவர் உடம்புக்கு முடியாம ஒதுங்கிட்டாரு. புது முகம் வேணும், பேசத் தெரிஞ்ச பொம்பளையா இருந்தா நல்லதுன்னு கட்சியில தேடியிருக்காங்க. அந்தக் கட்சிச் செயலாளரோட சம்சாரம் தினமும் மகனைக் கூட்டிட்டுப் போக வந்து மதிலோரம் நின்னவங்க. என்னங்க, அந்த ஸ்கூல்ல கடைசி பீரியட் எடுக்கற டீச்சர் பேசறதை ஒரு தடவை கேளுங்கன்னு அவங்கதான் சொல்லியிருக்காங்க. செயலாளர் ஸ்கூல் ஆபீசுக்கு ஆள் அனுப்பினாரு. கிளார்க் என்ன பண்ணினாரு? சுவத்தைப் பார்த்தாரு. கொட்டகை, கடைசி பீரியட். என் பேரு இருந்துச்சு. வீட்டு விலாசத்தை எழுதிக் குடுத்துட்டாரு.

வியாழக்கிழமை சாயந்திரம். நீ உக்காந்திருக்கற இதே இடத்துல மூணு பேரு வந்து உக்காந்தாங்க. இவரு பனியனோட நிக்கறாரு, ஓடிப் போய்ச் சட்டையை உள்புறம் வெளியா மாட்டிக்கிட்டு வர்றாரு. செயலாளர் சொன்னாரு, டீச்சர், உங்க பேச்சைப் பத்தி ஊரே பேசுது, அந்த உப்புக் கதை என் சம்சாரத்துக்கு மனப்பாடம், நீங்க எங்க கட்சிக்கு நிக்கணும்.

உப்புக் கதைன்னவுடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஒரு நிமிஷம் கூட ஆகலை. இது எனக்கு வந்தது இல்ல. ஆள் மாறி வந்திருக்காங்க.

வாயைத் திறந்து அதைச் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் இல்லீங்க, அவங்க வீடு ரெண்டு தெரு தள்ளி. அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உக்காருங்க, டீ போடறேன்னேன். சமையல்கட்டுல போய் நின்னேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது, பார்த்துக்கிட்டே நிக்கறேன். அந்த பீரியடைப் போட்டது யாரு? நான். காகிதத்துல யார் பேரு? என் பேரு. அப்ப இது எனக்குத்தானே வரணும்? இப்படியெல்லாம் புத்தி போகுது. அரை டம்ளர்தான் மிஞ்சுச்சு, தண்ணி ஊத்திப் பெருக்கி டீ போட்டுக் கொண்டு வந்து வச்சேன். சரிங்கன்னேன்.

ஆமாம்மா, ஒத்துக்கிட்டேன். ஏன் பேனாவை நிறுத்திட்டே? எழுது.

நாலு நாள். வியாழன் சாயந்திரத்துலேருந்து திங்கக்கிழமை காலை வரைக்கும் நான்தான் வேட்பாளர். இவருக்குத் தலைகால் புரியலை, நடையே மாறிப் போச்சு, கடைக்குப் போனா நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போறாரு. எனக்குப் புதுத் துணி எடுத்துட்டு வந்தாரு. எங்க அண்ணன் போன் பண்ணி, சின்ன வயசுலேயே நான் சொல்லலையாங்கறான். எங்க சொன்னான்! சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கதவைச் சாத்திக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்த்தேன். அவ எப்படிக் கையை வைப்பா, எங்க நிறுத்துவா, எல்லாம் எனக்கு அத்துப்படி. ரெண்டு வருஷமா ஒளிஞ்சு நின்னு கேட்டவ இல்லையா நான்? ஆமா, கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால மண்வெட்டி, கூடை வைக்கற இடத்துல நின்னு கேப்பேன். இதை இது வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வந்து கதவைத் தட்டினா. அம்மா, கடைசி பீரியட் வரலாறு டீச்சருதானேம்மா எடுக்கறாங்கன்னா. கோவமாக் கேக்கலை, சும்மாத்தான் கேட்டா. நீ போய்ப் படின்னேன். நின்னு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கலை. அன்னியிலேருந்து வீட்டுல அவ வாயில வரலாறு டீச்சர்ங்கற பேச்சே வரலை. எனக்கு வேண்டியது அதுதானே இத்தனை நாளா? கிடைச்சப்ப சந்தோஷமா இல்ல.

திங்கக்கிழமை பத்து மணிக்குக் கட்சி ஆபீஸ். மாடியில ஒரு நீட்டு ரூம், பிளாஸ்டிக் நாற்காலி, பத்துப் பதினஞ்சு பேரு. ரெண்டு வார்த்தை பேசுங்க டீச்சர்னாங்க. எழுந்தேன். பேசினேன். வாய் குழறலை, பயப்படலை, நல்லாத்தான் பேசினேன். நம்ம ஊர்ப் பிரச்னைகள் நாலு, முதலாவது இது, ரெண்டாவது இதுன்னு. கணக்கு சொல்லிக் குடுக்கற மாதிரி. மூணாவதுக்கு வர்றப்ப ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. மூலையில உக்காந்திருந்த செயலாளர் சம்சாரம் புருஷன் காதுல சொல்றாங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. என்னங்க, இந்தக் குரல் இல்லீங்க அது.

செயலாளர் மரியாதையாத்தான் கேட்டாரு. டீச்சர், கொட்டகையில பேசறது நீங்க இல்லையான்னாரு. மூக்கறுபட்டு நிக்கறேன். அப்பவாவது உண்மையைச் சொல்லலாம்ல? வாய் கூசாம சொன்னேன். நடுவுல கொஞ்ச நாள் எனக்குப் பதிலா ஒரு டீச்சர் போனாங்க, அவங்க இப்ப இல்ல, மாத்தலாகி வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. அப்படியா, சரிங்க டீச்சர்னாரு. எத்தனை பொய் கேட்ட ஆளு அவரு! என் பொய்யா தெரியாது? இன்னிக்கே கடைசி பீரியடுக்கு மதிலோரம் வந்து நிப்பாருன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

என்ன பண்ணினேன்? ஸ்கூலுக்கு ஓடினேன். அன்னிக்குச் சீட்டு எழுதலை. என் பேருல இருக்கற பீரியட், நானே எடுக்கறேன்னு கொட்டகைக்குள்ள போயிட்டேன். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா. அவ குரல் கேட்டாத்தானே கண்டுபிடிப்பாரு? கேக்கவே கூடாது.

நூத்தி எழுபதும் என்னைப் பார்த்துச்சு. டைம்டேபிள் வந்திருக்குடான்னு ஒருத்தன். வரலாறு டீச்சர் எங்கன்னு ஒருத்தி. வெள்ளிக்கிழமை கதை பாதியில நிக்குதுன்னு பத்துப் பேரு. அவ்வளவுதான், பிச்சுக்கிச்சு. டஸ்டரால மேஜையைத் தட்டறேன், கத்தறேன், தொண்டை கிழியுது. தகரக் கூரையே தூக்கிக்கிட்டுப் போற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஸ்டாஃப் ரூம்லேருந்து ஓடி வர்றா. அக்கா, என்னாச்சுக்கா, உடம்பு முடியலையா, ஏன் சீட்டு அனுப்பலைன்னு என் தோளைப் பிடிச்சுக்கறா. போங்கக்கா, நான் பார்த்துக்கறேன்னு பெஞ்சு மேல ஏறினா. யாருடா அங்க பேசறது, எனக்கும் சொல்லேன், நானும் சிரிக்கிறேன்னா. ஒரே ஒரு வார்த்தை. கப்சிப். விட்ட இடத்துலேருந்து ஆரம்பிச்சா. நான் டஸ்டரும் கையுமா அவ பக்கத்துலயே நிக்கறேன். மதிலுக்கு அந்தாண்ட செயலாளர் சம்சாரம் குரல் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. இதுதாங்க, இதேதான்.

அப்புறம் என்ன, அன்னிக்கு அஞ்சரை மணிக்கு அவ வீட்டுக்குப் போயிட்டாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு.

ஏழு மணிக்கு என் வீட்டு வாசல்ல அவ. மூச்சு வாங்குது. ஓடியே வந்திருக்கா, செருப்பு கூட இல்ல. செயலாளர் நாகரீகமான ஆளு பாரு, நான் பண்ணினதை எல்லாம் விட்டுட்டு, முதல்ல உங்க கணக்கு டீச்சர் வீட்டுக்குத்தான் போனோம், அவங்க மூலமாத்தான் உங்களைத் தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லியிருக்காரு. மிச்சத்தை இவளா முடிச்சுப் போட்டுக்கிட்டா. நான் சீட்டு அனுப்பாம கொட்டகைக்குப் போனது, பசங்களைக் கத்த விட்டது, எல்லாமே அவங்க மதிலோரம் நிக்கறப்ப இவளை வரவழைச்சுப் பேச வைக்கறதுக்காம். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழறா. வீடு தேடி வந்ததை எனக்கு அனுப்பி வச்சது நீங்கதானேக்கா, எனக்காக அத்தனை பேர் முன்னால அவமானப்பட்டு நின்னது நீங்கதானேக்காங்கறா.

ஆமான்னுட்டேன்.

அவ்வளவுதாம்மா. ஒரே ஒரு ஆமா. அதுலதான் இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கேன். அவ ஒவ்வொரு மேடையிலயும் அதைச் சொல்லும்போதும் ஊரே என்னைக் கும்பிடாத குறையாப் பார்க்குது. எனக்கு உள்ள எரியுது. பதவி அவளுது, பேச்சு அவளுது, என் பொண்ணு மனசுல இருக்கற இடமும் அவளுது. சரி, போகட்டும். நல்லவங்கற பேரு ஒண்ணாவது எனக்குன்னு இருக்குன்னு பார்த்தா, அதுவும் அவ போட்ட பிச்சை.

என்ன, நோட்டை மூடறே? அவங்க மனசு உடைஞ்சு போகும்ங்கறியா? உடையட்டும். நீ பயப்படாதே, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இங்க பாரு, நீ கொண்டு வந்த பக்கத்துல விட்டுக்கொடுத்தவர்ங்கறதுலேருந்து கடைசி வரி வரைக்கும் அடிச்சுட்டேன். பின்பக்கம் நடந்ததை என் கையெழுத்துல எழுதி, பேரும் போட்டிருக்கேன். நீ சாப்பிடப் போனப்பவே எழுதிட்டேன். இதை அவ கையில நீயே கொண்டு போய்க் குடு. படிச்சுட்டு என்னைத் திட்டட்டும். இத்தனை வருஷத்துல அவ என்னை ஒரு வார்த்தை திட்டினதில்லம்மா. சரிசமமா நினைக்கறவங்க மேலதானே கோவம் வரும்?

காரு அனுப்பறதா இருந்தா, அதைப் படிச்சதுக்கப்புறம் அனுப்பச் சொல்லு.